கடலோரக் கிளிக்குக் கடலை: வாங்குவது முதல் ஊட்டுவது வரை

அடைமழை நாலு நாள் விடாமல் பிடித்துக்கொண்டால் எங்கள் கீழக்கரையில் தீக்குச்சி உரசாது, அப்பளம் துவண்டுவிடும், உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். கிளிக்கு வாங்கி வைத்த நிலக்கடலைப் பையும் அதே அடுக்களையில், அதே காற்றில்தான் தொங்குகிறது. நமத்துப் போன கடலை நம் வாயில் பட்டால் துப்பிவிடுவோம். கிளி துப்பாது.

இது எனக்கு உறைத்தது ஒரு நவம்பரில். வீட்டில் ஜிமிக்கி என்று சன் கன்யூர் இனக் கிளி ஒருத்தி இருக்கிறாள். எடை 108 கிராம், சத்தம் 108 ஊருக்குக் கேட்கும். டவுனில் ஒரு கடையில் ‘பறவைத் தீனி’ என்று கட்டி வைத்திருந்த தோல் கடலை ஒரு கிலோ வாங்கி வந்து, அந்த மழை மாதம் முழுக்க அதையே கொடுத்தேன். மூன்றாவது வாரம் கத்தல் நின்றது. அடுத்த வீட்டு ராத்தா, “என்ன, கிளியை வித்துட்டியளா?” என்று கேட்ட பிறகுதான் கவனித்தேன். எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி பச்சை கலந்த மஞ்சளாக இருந்தது. தராசில் வைத்தால் 97. ஈரல் அடிவாங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். தேறி வர ஐந்து வாரம் ஆயிற்று.

அந்தப் பையில் மிச்சமிருந்த கடலையை ஒரு ராத்திரி உட்கார்ந்து உடைத்துப் பார்த்தேன். ஓடு நன்றாக இருந்தது, பருப்பின் சிவப்புத் தோலும் நன்றாக இருந்தது. இரண்டாகப் பிளந்தால், நடுவில் உள்ள சின்னக் குழியில் சாம்பல் பச்சையாக மாவு. பத்துக்கு மூன்று அப்படி. கடலைதான் காரணம் என்று எந்த ஆய்வகமும் எனக்கு எழுதித் தரவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து பிளந்து பார்க்காத கடலை எங்கள் வீட்டுக் கூண்டுக்குள் போவதில்லை. மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி என்று உப்புக்காற்று வீசும் எந்த ஊரில் கிளி வளர்த்தாலும் இந்த வேலை உங்களுக்கும் உண்டு.

தொடங்கும் முன்: எந்தக் கிளி?

நம் ஊர் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், கடலைக்கு முன்னால் பேச வேண்டியது வேறு. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்க்கவோ விற்கவோ கூடாது. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பனைமரப் பொந்திலிருந்து விழுந்த குஞ்சு கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

வெளிநாட்டு இனங்களில் பட்ஜி, காக்கடீல் போன்றவற்றுக்குப் பதிவுத் தொந்தரவு இல்லை. கன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, அமேசான், மக்காவ் எல்லாம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலான சைட்டிஸில் வருபவை. அவற்றை மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிய வேண்டும். அதற்கான தனி விதிகள் 2024இல் வந்தன. சரி, இனி கடலைக்கு வருவோம்.

பூஞ்சை என்ன செய்கிறது

கடலை மண்ணுக்குள் காய்ப்பது. மண்ணில் இருக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை செடி வாடும்போதும், ஓட்டில் விரிசல் விழும்போதும், பூச்சி துளைக்கும்போதும் உள்ளே நுழைகிறது. பறித்த பிறகு சரியாகக் காயாவிட்டால் மூட்டைக்குள் பெருகுகிறது. அது கக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் நஞ்சுக்கும் பெயர் வைத்தார்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. இந்த நஞ்சை உலகம் கண்டுபிடித்ததே பறவைகள் செத்ததால்தான்.

இதில் மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நஞ்சுக்கு வாசமோ ருசியோ கிடையாது. பூஞ்சை வாடை வருவது வேறு, நஞ்சு இருப்பது வேறு. அடுத்தது, வறுத்தால் பூஞ்சை சாகும், நஞ்சு குறையுமே தவிர முழுதாகப் போகாது. “நல்லா வறுத்துட்டா சரியாப் போயிரும்” என்பது பாதி உண்மை. மூன்றாவதுதான் நமக்குச் சாதகமானது. ஒரு மூட்டைக் கடலையில் நஞ்சு சமமாகப் பரவி இருப்பதில்லை, சில பருப்புகளில் மட்டும் குவிந்திருக்கும். கெட்டதைக் கையால் பொறுக்கி எறிந்தால் ஆபத்தில் பெரும்பகுதி குப்பைக்குப் போய்விடும். நம்மிடம் உள்ள நல்ல ஆயுதம் நம் விரலும் கண்ணும்தான்.

இதே குடும்பத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்று இன்னொன்று உண்டு. இதைத் தின்ன வேண்டியதில்லை, மூச்சில் போனாலே போதும். கிளியின் நுரையீரலோடு காற்றுப்பைகள் உடம்பெங்கும் இணைந்திருப்பதால் பூஞ்சைத் தூள் அங்கே போய் ஒட்டி வளரும். தூசி படிந்த, பூசணம் பூத்த ஓட்டைக் கிளி காலில் பிடித்து மூக்கடியில் வைத்துக் கடிப்பதைப் பாருங்கள். அந்தத் தூள் வேறெங்கே போகும்?

முதல் படி: வாங்குவது

மனிதர் தின்னும் தரத்துக் கடலையை மட்டும் வாங்குங்கள். ‘தீனி’ என்று கட்டி வைத்திருப்பது பெரும்பாலும் மளிகைக்கு ஆகாது என்று ஒதுக்கிய சரக்கு. விலை குறைவதற்குக் காரணம் அதுதான்.

தோலோடு வாங்குவதா, பருப்பாக வாங்குவதா? உடைப்பது கிளிக்கு நல்ல விளையாட்டுத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இந்தக் கரையில் நான் பருப்பாகவே வாங்குகிறேன். தோல் கடலைதான் வேண்டும் என்றால் ஒரு கைப்பிடி எடுத்துக் காதோரம் குலுக்குங்கள். காய்ந்தது கலகலக்கும். ஈரம் பட்டது ஊமையாக இருக்கும். கறுப்புப் புள்ளி, துளை, மண் ஒட்டல், விரிசல் எதுவும் ஆகாது.

பருப்பில் சோதிக்க வேண்டியது உடைசல். நகத்தால் அழுத்தினால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்து நசுங்கினால் நமத்தது. மூக்கருகே வைத்தால் சிக்கு வாடை அடிக்கக் கூடாது. கடைக்காரர் கோணியைச் சிமெண்டுத் தரையில் வைத்திருக்கிறாரா, பலகைமேல் வைத்திருக்கிறாரா என்றும் ஒரு பார்வை பாருங்கள். தரை ஈரம் அடிக்கோணியில்தான் முதலில் ஏறும். கால் கிலோவுக்கு மேல் ஒரு தடவைக்கு வாங்க வேண்டாம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை 100 கிராம் போதும்.

கடற்கரையில் தள்ளுவண்டிக் கடலை எவ்வளவு ருசியானாலும் கிளிக்குக் கிடையாது. மணலில் வறுப்பது, அதுவும் உப்புத்தண்ணீர் தெளித்து வறுப்பது. மசாலா கடலை, கடலை மிட்டாய், பாக்கெட்டில் வரும் காரக் கலவை எதையும் யோசிக்கவே வேண்டாம். பச்சைக் கடலையை அப்படியே கொடுப்பதும் சரியில்லை. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, சூடு பட்டால்தான் அடங்கும்.

இரண்டாம் படி: பிளந்து பார்ப்பது

பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தட்டில் பரப்பி உட்காருங்கள். முதலில் பார்வையிலேயே ஒதுக்க வேண்டியவை: சுருங்கியது, நிறம் மாறியது, முளை விட்டது, பொக்கு, வண்டு துளைத்தது. மீதியை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் திருகினால் சிவப்புத் தோல் கழன்று இரண்டாகப் பிளக்கும். உள்பக்கம் தந்த நிறத்தில், வழவழவென்று, லேசாக எண்ணெய் மினுக்கோடு இருந்தால் நல்லது. மஞ்சள் கோடு, பழுப்பு வட்டம், பச்சை, சாம்பல், கறுப்புத் தூள் எது தெரிந்தாலும் அந்தப் பருப்பை எறியுங்கள். கெட்ட பகுதியைக் கிள்ளிவிட்டு மீதியைப் போடும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

20 பருப்பு பிளந்ததில் இரண்டுக்கு மேல் கெட்டிருந்தால் நான் முழுப் பொட்டலத்தையும் எறிந்துவிடுவேன். இது எந்த நூலிலும் உள்ள கணக்கு இல்லை, என் பயத்தின் அளவு. எறிவதைக் கோழிக்கும் ஆட்டுக்கும் போட்டுவிடாதீர்கள். அவற்றுக்கும் அதே நஞ்சுதான்.

ஒரு வாரத்துக்குத் தேவையான பருப்பைப் பிளக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. இஷா (இரவுத் தொழுகை) முடிந்து வந்து, டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது செய்கிற வேலை.

மூன்றாம் படி: வறுப்பது, ஆறவைப்பது

இரும்பு வாணலி போதும். நான்-ஸ்டிக் பாத்திரம் கூடாது. அதன் பூச்சு அதிகம் சூடேறினால் வரும் புகை நமக்குத் தெரியாது, கிளியை நிமிஷங்களில் கொன்றுவிடும். கடலைக்கு மட்டும் சொல்லவில்லை, கிளி வளர்க்கும் வீட்டில் அந்தப் பாத்திரமே வேண்டாம் என்பது என் கட்சி.

எண்ணெய், உப்பு எதுவும் இல்லாமல் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கிளறுங்கள். பருப்பு லேசாகப் பொன்னிறம் தட்டி, கடித்தால் பச்சை வாடை போயிருக்க வேண்டும். கருகவிடாதீர்கள். பிறகு முறத்தில் கொட்டிப் புடைக்கும்போது கிளி பக்கத்தில் இருக்கக் கூடாது, அந்தத் தோல்தூசி ஆகாது. நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் டப்பா மூடியில் ஆவி வேர்க்கும், அந்த வேர்வையே மறுபடி கடலையை நமக்க வைத்துவிடும்.

உப்பில்லாமல் அவித்த கடலையும் கொடுக்கலாம், மென்மையாக இருக்கும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிண்ணத்தில் கிடக்கக் கூடாது. காலையில் வைத்ததைச் சாயங்காலம் எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அவித்த பக்கம் போகவே வேண்டாம்.

நான்காம் படி: வைப்பது

ஓலைக் கொட்டானில் கடலை வைப்பது நம் பாட்டிமார் பழக்கம். மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் அது ஓடும், வாடைக்காற்று மாதங்களில் ஓடாது. (கச்சான் என்றதும் நினைவு வருகிறது. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருந்த ஒருவரிடம் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், அவர் வெகுநேரம் கடலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் கடலைக்குப் பெயரே கச்சான்.)

கண்ணாடி ஜாடி, இறுக்கமான மூடி, ஃப்ரிட்ஜ். ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதென்றால் ஃப்ரீசர். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: குளிர்ந்த ஜாடியை வெளியே எடுத்த உடனே திறந்தால் நம் ஈரக்காற்று உள்ளே போய்ப் பருப்பின்மேல் பனியாக இறங்கும். அரை மணி நேரம் மூடியபடியே வெளியே வைத்து, பிறகு திறங்கள். இன்னும் நல்லது, வாரத்துக்கு வேண்டியதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றாக எடுப்பது. அதைத்தான் நான் செய்கிறேன். ஜாடிமேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் மூன்று மாதத்துக்குப் பிறகு “போன வாரம் வாங்கினதுதானே” என்று நமக்கே தோன்றும்.

ஐந்தாம் படி: எவ்வளவு

ஒரு நிலக்கடலைப் பருப்பு சுமார் 0.6 கிராம். 100 கிராம் எடையுள்ள கிளி அதைத் தின்பது, எடைக்கு எடை பார்த்தால், 60 கிலோ மனிதர் ஒரே மூச்சில் 360 கிராம் கடலை தின்பது மாதிரி. சின்ன உடம்பு வேகமாக எரிக்கும் என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கை கொஞ்சம் தயங்க வேண்டும் அல்லவா? 100 கிராம் கடலையில் கிட்டத்தட்ட 49 கிராம் கொழுப்பு. செக்கில் இரண்டரைக் கிலோ பருப்பு போட்டால் ஒரு லிட்டர் எண்ணெய் இறங்குகிறது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். பாதாமும் அதே அளவு, முந்திரி கொஞ்சம் குறைவு, அக்ரூட் 65 கிராம் வரை போகும். காட்டில் பறக்கும் கிளி அதை எரித்துவிடும். கூண்டில் உட்கார்ந்த கிளிக்கு அது ஈரலில் படியும்.

நாளுணவில் கொட்டை வகை பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. என் கை அளவு இப்படி:

- பட்ஜி (நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்பது பெரும்பாலும் இதுதான்): கடலைப் பருப்பில் கால்வாசி, வாரம் இரண்டு முறை. கொடுக்காவிட்டாலும் ஒரு குறையும் இல்லை.
- காக்கடீல், நிஜமான ஆப்பிரிக்க லவ் பேர்ட்: அரைப் பருப்பு, வாரம் இரண்டு மூன்று முறை. காக்கடீல் சீக்கிரம் கொழுக்கும்.
- கன்யூர்: நாளுக்கு ஒரு கடலைப் பருப்பு, அல்லது அரைப் பாதாம். இரண்டும் சேர்த்து அல்ல.
- ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி: நாளுக்கு ஒரு பாதாம் அல்லது பாதி அக்ரூட். அமேசான் கிளிக்கு அதிலும் குறைவு, அது உட்கார்ந்து பெருக்கும் இனம்.
- பெரிய மக்காவ்: நாளுக்கு நாலைந்து கொட்டை தாங்கும். அவற்றின் உடம்பே கொழுப்பு கேட்கும் உடம்பு.

கிண்ணத்தில் கலந்து போடாதீர்கள். கலந்து போட்டால் கிளி கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியைக் கீழே தள்ளும், நாம் “பாவம் சாப்பிடலையே” என்று மறுபடி கடலை போடுவோம். கிளிக்கு நம்மைப் பழக்க இரண்டு நாள் போதும். கடலை என்பது கூலி. கைமேல் ஏறினால் ஒரு துண்டு, கூண்டுக்குள் தானாகப் போனால் ஒரு துண்டு. பயிற்சிக்கு நாள் முழுக்கத் துண்டு வேண்டும் என்றால் பொட்டுக்கடலைக்கு மாறுங்கள். அதில் கொழுப்பு 5 கிராம் அளவுதான், ஜிமிக்கிக்கு வித்தியாசமே தெரியவில்லை.

மற்ற கொட்டைகள்

எங்கள் ஊரில் சபரிலிருந்து (வெளிநாட்டுப் பிழைப்பிலிருந்து) யார் வந்தாலும் பெட்டியில் பாதாமும் பிஸ்தாவும் இருக்கும். மச்சான் ஒரு தடவை டப்பாவைப் பிரித்த வேகத்தில் ஜிமிக்கிக்கு ஒரு பிஸ்தாவை நீட்டிவிட்டார். “மச்சான், உப்பு!” என்று நான் கத்தியது வாசல் வரை கேட்டிருக்கும். “ஒண்ணுதானே” என்றார். அந்த ஒன்றில் உள்ள உப்பு நம் நாக்கில்கூட நிற்கிறது, 108 கிராம் உடம்புக்கு எப்படி இருக்கும்? தண்ணீர் தண்ணீராகக் குடித்து, எச்சமும் தண்ணீராகப் போகும். மிஞ்சினால் சிறுநீரகம், வலிப்பு. கழுவினால் உப்பு முழுதும் போகாது. உப்பில்லாத பிஸ்தா என்றால் ஓட்டை உரித்து, உள்ளே பார்த்து, பாதி கொடுக்கலாம்.

பாதாம் என் முதல் தேர்வு. கொழுப்பு கடலை அளவுதான், ஆனால் கால்சியம் அதில் கூடுதல். பெரிதாக இருப்பதால் பிளந்து பார்ப்பதும் எளிது. கசந்தால் உடனே எறியுங்கள், கசப்புப் பாதாமில் சயனைடு வரும். அக்ரூட்டை ஓடு நீக்கி, வளைவுகளுக்குள் பூசணம் இருக்கிறதா என்று பாருங்கள். முந்திரி கடையில் வாங்கிய உப்பில்லாத பருப்பு சரி. தோட்டத்துக் கொட்டையை நேரடியாகக் கொடுக்கக் கூடாது, ஓட்டின் பால் தோலைப் பொத்துவிக்கும்.

பள்ளிக்கூட வாசலிலும் கடற்கரையிலும் நிற்கும் நாட்டுவாதுமை மரம் தெரியும் அல்லவா, குடை மாதிரி அடுக்கடுக்காகக் கிளை விடுமே? கோஸ்டாரிகா கடற்கரையில் சிவப்பு மக்காவ்கள் அதே மரத்தின் கொட்டைகளைத்தான் கொத்திக் கொத்தித் தின்கின்றன. கீழே கிடந்து ஊறியதை விட்டு, புதிதாக விழுந்ததை எடுத்துக் கழுவி, கல்லால் உடைத்து உள்ளே உள்ள மெல்லிய பருப்பைக் கொடுக்கலாம். பெரிய கிளி என்றால் கழுவிய கொட்டையையே கொடுத்து உடைக்க விடுங்கள். ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

தேங்காய் புதிதாகக் கீறிய சில்லு, விரல்நக அளவு. கொப்பரை வேண்டாம். மழை மாதத்துக் கொப்பரையின் உள்வளைவைத் தடவிப் பாருங்கள், விரலில் என்ன வருகிறது என்று.

முற்றத்தில் கிடப்பதில் ஆமணக்கு, காட்டாமணக்கு, குன்றிமணி, அரளி, எட்டி இவை எந்த வடிவிலும் கிளியின் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. குன்றிமணி மாலையை அழகுக்காகக் கூண்டருகே தொங்கவிட்டிருந்த வீடு ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: ஈடுகட்டுவது

கடலையே பிரதானமாகத் தின்னும் கிளிக்கு இரண்டு சத்து கழுத்தை நெரிக்கும்: கால்சியமும் வைட்டமின் ஏ-யும். 100 கிராம் கடலையில் பாஸ்பரஸ் 376 மில்லிகிராம், கால்சியம் 92 மட்டுமே. இந்தத் தராசு சாய்ந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரையும். சாம்பல் கிளிக்கு வலிப்பே வரும். வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கு, தொண்டையின் உள்தோல் தடித்து, முன்பு சொன்ன பூஞ்சை குடியேற வசதியாகிவிடும்.

கால்சியத்துக்கு ஆன்லைனில் ‘கட்டில்போன்’ என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். அது வேறொன்றும் இல்லை, கணவாய் மீனின் ஓடு! நம் கரையில் காலையில் நடந்தால் நாலு கிடைக்கும். முழுதாக, வெள்ளையாக, தார் ஒட்டாததாக எடுங்கள். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு தினமும் தண்ணீரை மாற்றுங்கள், ஒரு வாரம். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கக் கூடாது. அதன்பின் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள் காயவையுங்கள். மிருதுவான பக்கம் கிளியைப் பார்க்கும்படி கம்பியில் கட்டுங்கள். எங்கள் வீட்டில் சாமான் பையில் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும்.

வைட்டமின் ஏ-க்கு முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய், பப்பாளி. இவற்றோடு நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கே உரிய குண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது இது. பழுத்த சிவப்பு மிளகாயைப் பிய்த்துப் போட்டால் கிளி விதையோடு மென்று தின்னும். பறவைக்குக் காரம் உறைக்கும் நரம்பு வாசல் நம்முடையது மாதிரி இல்லை. நீங்கள் மட்டும் தின்ற அலகோடு முத்தம் வாங்காதீர்கள்.

மீதி உணவு தரமான பெல்லட் (அரைத்துக் குருணையாக்கிய கிளித் தீனி) அல்லது பலவகைத் தானியமும் காயும் கீரையும். அது தனிப் பேச்சு.

ஏழாம் படி: கொடுக்கும் விதம்

பெரிய துண்டு வேண்டாம், தேவைக்கு ஏற்ற அளவில் நறுக்குங்கள். புதிய கொட்டையை ஒரு நாளில் ஒன்று மட்டும் அறிமுகப்படுத்தி, இரண்டு நாள் எச்சத்தைக் கவனியுங்கள். அடுத்த நாளே இன்னொன்று சேர்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது.

தேடித் தின்ன வைப்பது நல்லது. பனையோலைக்கு நம் ஊரில் பஞ்சமா? சாயம் போடாத ஓலைத் துண்டில் ஒரு பருப்பை வைத்து ஓலைக் கொழுக்கட்டை மாதிரி மடித்து, ஓலை நாராலேயே கட்டிக் கம்பியில் தொங்கவிடுங்கள். ஜிமிக்கி முதல் நாள் அதைப் பார்த்து அலறினாள், மூன்றாம் நாள் 40 விநாடியில் பிரித்தாள். ஈர மாதத்தில் ஓலையையும் அன்றன்றே எடுத்துவிட வேண்டும், அதுவும் பூசணம் பிடிக்கும். கூண்டுத் தட்டில் விழுந்த துண்டுகளைச் சாயங்காலம் கூட்டிவிடுங்கள். எச்சத்தோடு ஊறிய கடலையைக் கிளி மறுநாள் எடுத்துத் தின்னும்.

வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் அன்றைய பங்கை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். தீர்ந்தால் தீர்ந்தது. ‘கொடுக்காதே’ என்று சொல்வதைவிட இது நன்றாக நடக்கிறது.

எப்போது பயப்பட வேண்டும்

சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, வாரம் ஒரு நாள், காலையில் தீனி வைக்கும் முன் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். கிளி நோயை மறைக்கும் பிராணி. இறகுக்குள் உடம்பு கரைவது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். பத்தில் ஒரு பங்கு எடை இறங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஏறிக்கொண்டே போனாலும் கடலையை நிறுத்த வேண்டும். நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் மெலிவு, எலும்பே கைக்குத் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு.

எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது, பகலில் இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தே இருப்பது, வாந்தி, தீனியைத் தொடாமை, அலகும் நகமும் வழக்கத்தை மீறி வளர்வது எல்லாம் ஈரலைக் காட்டும். குரல் மாறினால், மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினால், வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது காற்றுப்பைப் பூஞ்சையாக இருக்கலாம். இவற்றுக்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள் என்று இரண்டு நாள் தள்ளுவதில்தான் பல கிளிகள் போகின்றன.

பறவை பார்க்கும் மருத்துவர் நம் பக்கம் தெருவுக்கு ஒருவர் இல்லை. பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். அங்கிருந்து அனுப்பினால் திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. கொண்டு போகும்போது கிளியைக் காற்றோட்டமுள்ள சின்னப் பெட்டியில் துணி போட்டு மூடி, பேருந்தின் ஏசி காற்று நேராகப் படாமல் வையுங்கள். தட்டில் விரித்த காகிதத்தை எச்சத்தோடு மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். கடலைப் பையில் மிச்சம் இருந்தால் அதையும் எறியாமல் கட்டி எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது “என்ன கொடுத்தீங்க” என்றுதான். அன்றைக்கு நான் வெறுங்கையோடு நின்றேன்.